மர்ஸோன் வீட்டு நெருப்பு

பிளனாட்ச் ஊர்ச் சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் செத்தவர்கள். 1946 மார்ச்சில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, நோட்புர்காவின் சத்திரத்தில் கூட்டம் நடந்தது. கூரைகளில் பனி இன்னும் கிடந்தது. அந்த வருஷம் விதை உருளைக்கிழங்கு கிடைக்கவில்லை, தீவனம் தீர்ந்து மாடுகளுக்கு ஊசியிலைக் கொழுந்து வெட்டிப் போட்டார்கள், செத்தவர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். அந்த வருஷத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் சொல்வார்கள்.

சங்கம் எதற்கு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் மலைக்குத் தெற்கே இருந்த பள்ளத்தாக்குகளை இத்தாலிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊர் பேசியது ஜெர்மன். இருபது வருஷம் அந்த மொழி பள்ளிக்கூடத்தில் கூடாது, கடைப் பலகையில் கூடாது, கல்லறைக் கல்லில்கூடக் கூடாது என்று இருந்தது. பிறகு 1939-ல் இத்தாலி, ஜெர்மனி இரண்டு அரசுகளும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு ஊருக்குச் சொல்லி அனுப்பின: உன் பேச்சு வேண்டுமானால் வடக்கே ஜெர்மனிக்குப் போ, நிலம் வேண்டுமானால் நாக்கை மாற்றிக்கொண்டு இரு. போகிறவர்கள் இருக்கிறவர்களைத் துரோகி என்றார்கள். இருக்கிறவர்கள் போகிறவர்களைப் பைத்தியம் என்றார்கள். ஒரே பாலில் வளர்ந்த அண்ணன் தம்பிகள் கோயில் வாசலில் துப்பிக்கொண்டார்கள். இரண்டாம் போரும் முடிந்தபின் மிஞ்சியவர்கள் கேட்டது கொஞ்சம்தான்: பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆபீசில் தங்கள் பேச்சு, செத்தவர்களுக்குச் சொந்தப் பெயர், போனவர்கள் திரும்பி வர வழி. தலைவராகத் தர்னெல் பண்ணை கசியானைப் போட்டார்கள். கோடையில் மாடு, குளிர்காலத்தில் சலவைக்கல் குவாரி என்று உழைத்த ஆள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. போகாமல் ஊரிலேயே இருந்தவர்.

யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோதுதான் தவறு நடந்தது. பெயர்களை எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று இரண்டு நாட்டுப் போலீசும் ஊருக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதனால் காகிதமே வேண்டாம், பண்ணைப் பெயரைக் கூப்பிடுவோம், வந்தவன் 'வந்தாச்சு' என்று சொன்னால் போதும் என்று கசியான் முடிவு செய்தார். பிளனாட்சில் குடும்பப் பெயர் என்பது பாதிரியாருக்கும் போலீசுக்கும் மட்டும் உதவுகிற சமாச்சாரம். மற்றபடி எந்தப் பண்ணையில் இருக்கிறானோ அந்தப் பண்ணையின் பெயர்தான் ஆளுக்கு. தர்னெலில் இருப்பவன் தர்னெல்லர். அவன் அதை விற்று வேறு ஒருவன் குடியேறினால் அன்றிலிருந்து புதியவன்தான் தர்னெல்லர். பெண் கட்டி வந்தவனும் அப்படித்தான், வேலைக்கு வந்து அங்கேயே செத்தவனும் அப்படித்தான். எத்தனையோ நூறு வருஷமாக அதே பெயரில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டால் அதற்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"தர்னெல்" என்று தன் பண்ணையையே முதலில் கூப்பிட்டு, "வந்தாச்சு" என்று தானே பதிலும் சொன்னார் கசியான். அவருக்குப் பின்னால் சுவரோரம் இருந்த பெஞ்சிலிருந்து வேறு பலரும் அதையே சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் பழைய கம்பளிக் கோட்டுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குத் தாடை துணியால் கட்டியபடியே இருந்தது. யாரையும் அவர்கள் பயமுறுத்தவில்லை. மாவு மில்லில் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறவர்களைப் போல முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். கணப்பைத் தொட்டால் சுட்டது, ஆனால் அறையில் சூடு இல்லை. கிளாசிலிருந்த ஒயினின் நிறம் அப்படியே இருந்தது, ருசி மட்டும் போய்விட்டது. கசியான் அடுத்த பண்ணையைக் கூப்பிட்டார். நிறுத்தினால் அதைவிட மோசமாக ஏதாவது ஆகும் என்று அவருக்குப் பட்டது.

"குடிக்கிறவன் கொஞ்சம், உக்கார்றவன் கூட்டம். இப்பிடியே போனா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள் நோட்புர்கா.

"உங்க மாமனாரும்தான் அந்தா உக்காந்திருக்காரு அக்கா. மொதல்ல அவர எழுப்புங்க பாப்போம்" என்றான் ஒருவன்.

"அவரு உசுரோட இருந்தப்பவே எந்திரிச்சதில்ல."

வந்தவர்களில் சிலர் வாயே திறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசியானின் அப்பாவும் அதில் ஒருவர். அந்த இருபது வருஷத்தில் செத்து, இத்தாலியப் பெயர் வெட்டிய கல்லின் கீழே புதைக்கப்பட்டவர்கள் அவர்கள் என்பது பிறகுதான் விளங்கியது. சங்கத்தின் முதல் வேலையாகக் கசியானும் குவாரி ஆட்கள் சிலரும் உளியை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போய், பழைய எழுத்துகளைச் செதுக்கித் தள்ளிவிட்டு அவரவர் பெயரை வெட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் கசியானின் அப்பா பேசிய முதல் பேச்சு, "கதவைச் சாத்துடா" என்பது. பள்ளிக்கூடத்தைத் திறந்ததும், தடை போட மாகாண ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். வகுப்பின் கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களைச் சற்று நேரம் பார்த்தார், தொப்பியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். தொப்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கிறது.

ஒரு பண்ணையிலிருந்து மட்டும் ஆள் வரவில்லை. "மர்ஸோன்" என்று கூப்பிட்டபோது பெஞ்சில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. உயிரோடு இருந்தவன் வடக்கே போய்விட்டான், சரி, செத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஊர் பேசிக்கொண்டது. மர்ஸோன் வால்டின் 1940-ல் பெண்டாட்டியோடு போனவன். அவன் ஒப்படைத்த பண்ணையை அரசு ஓர் இத்தாலிக்காரனுக்குக் கொடுத்திருந்தது. நெவியோ என்று பெயர். போ ஆற்றுச் சதுப்பில் வரப்புக்கு மண் சுமந்தவன், சதுப்புக் காய்ச்சலில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். மலையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. முதல் கோடையில் சரிவில் புல் அறுக்கத் தெரியாமல் உருண்டு விலா எலும்பை ஒடித்துக்கொண்டான். இரண்டாம் கோடையில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அறுத்தான். தினமும் மக்காச்சோளக் களி கிண்டித் தின்றான். ஊரில் ஒரு நாய்கூட அவனோடு பேசவில்லை என்றால் அது சரியாக இருக்கும். களிதின்னி, கீழ்நாட்டான் என்பவைதான் அவனுக்கு வைத்த பெயர்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால்.

மர்ஸோனின் செத்தவர்கள் இத்தனை வருஷமும் அவனோடுதான் இருந்தார்கள். அவன் வந்த அன்றைக்கு வீடு சில்லிட்டுக் கிடந்தது, அடுப்பில் ஈரச் சாம்பல். அதை வழித்துப் போட்டுவிட்டு நெருப்பு மூட்டினான். மூட்டித் திரும்பினால் பெஞ்சு நிறைய ஆட்கள். பிற்காலத்தில் நோட்புர்கா அவனிடம் பயமாக இல்லையா என்று கேட்டாள். அரைகுறை ஜெர்மனில் பதில் சொன்னான்: "ஊர்ல யாரும் எங்கிட்ட பேசல. இவங்களும் பேசல. அதனால ஊர்க்காரங்கதான், நெருப்புக் காய வந்திருக்காங்கன்னு நெனச்சேன். வந்தவங்களப் போன்னு எப்பிடிச் சொல்றது?"

1948 இலையுதிர் காலத்தில் வால்டின் திரும்பி வந்தான். போனவர்கள் வரலாம் என்று சட்டம் வந்திருந்தது, அதற்குச் சங்கமும் ஊர் ஊராக அலைந்திருந்தது. தனியாகத்தான் வந்தான். பெண்டாட்டியை அங்கேயே காச நோய்க்குக் கொடுத்துவிட்டிருந்தான். கசியான் அவனைத் தன் வைக்கோல் கொட்டகையில் தங்க வைத்தார்.

"ஒம்போது வருஷத்துக்கு முன்னால என் கதவுல சாணி அடிச்சவன் நீதானடா?"

"நான்தான் அண்ணே."

"வழிச்சு வயலுக்குப் போட்டேன். அந்த வருஷம் கோசு நல்லா வந்துச்சு. தின்னு."

முதல் பனி விழுந்த காலையில்தான் ஊர் அதைக் கவனித்தது. வால்டின் சத்திரத்திலிருந்து கோயிலுக்கு நடந்து போனான், பனியில் தடம் இல்லை. நாய்கள் அவனைப் பார்த்துக் குரைப்பதில்லை. மில்லில் விளையாட்டுக்குத் தராசில் ஏற்றினார்கள். முள் அசையவில்லை, சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தின்றான், குடித்தான், குவாரியில் மற்றவர்களுக்குச் சமமாகக் கல் உடைத்தான். ஆனால் பாரம் என்று ஒன்று அவனிடம் இல்லை. பிளனாட்சில் பண்ணைப் பெயர் இல்லாத ஆளைக் கூப்பிட வழி கிடையாது. கூப்பிட வழி இல்லாதவன் மெல்ல மெல்ல இல்லாமல் போவான் என்று ஊருக்குப் புரிந்தது, அவனுக்கும் புரிந்தது. அந்த மாதமே மர்ஸோனுக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவன் அப்பா இங்கெனுயின், தாத்தா, அதற்கும் முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரும் நிற்பதாக அந்த முகம் காட்டவில்லை.

சங்கத்தில் அதற்குப் பிறகு பேச்சு ஒன்றுதான்: மர்ஸோனை வால்டினுக்கு மீட்க வேண்டும். மனு கொடுத்தார்கள், வக்கீலைப் பார்த்தார்கள். அது நகரவில்லை. அடுத்த கோடையில் மில்காரன் செராஃபினும் சில இளவட்டங்களும் மலை வாய்க்காலில் மர்ஸோனுக்குப் போகிற மடையை மண் போட்டு அடைத்தார்கள். அந்த வாய்க்காலில் வீட்டுக்கு வீடு ஒரு சின்னச் சக்கரமும் மரச் சம்மட்டியும் உண்டு. தண்ணீர் ஓடினால் சம்மட்டி டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும், நின்றால் தண்ணீர் நின்றது என்று அர்த்தம். மர்ஸோனின் சம்மட்டி நின்றது. நெவியோ யாரிடமும் போய்க் கேட்கவில்லை, வாளியில் சுமந்து ஊற்றினான், புல் கருகியது. இத்தாலிக்காரன் ஊருக்குச் செய்ததை ஊர் ஓர் இத்தாலிக்காரனுக்குச் செய்தது. சங்கத்தில் அதைப் பற்றி யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து, மடையில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோதே சம்மட்டி அடிக்க ஆரம்பித்தது. காய்ந்த வாய்க்காலில், இல்லாத தண்ணீரில் இடுப்பளவுக்கு நிற்பதுபோல, மர்ஸோனின் செத்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. பால் கறக்கிற நேரத்தில் மாடுகள் மடியை இழுத்துக்கொண்டன. மூன்றாம் நாள் செராஃபின் தானே மண்வெட்டியோடு போய் அடைப்பை எடுத்துவிட்டான்.

1950 ஜனவரியில் சங்கம் கூடியது. வால்டினுக்காகப் பெரிய மனு ஒன்று தலைநகருக்குப் போவதாக இருந்தது. மர்ஸோன் சார்பில் 'வந்தாச்சு' என்று அவன் சொல்ல வேண்டும், மற்றப் பண்ணைகள் சாட்சி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவன் முகம் மழித்து, கசியானின் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். இதில் தவறினால் அடுத்த பனிக்குள் தான் யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடுவான் என்று நோட்புர்காவிடம் சொல்லியிருந்தான்.

"மர்ஸோன்" என்று கூப்பிட்டார் கசியான்.

வால்டின் எழுந்தான். வாய் அசைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் உதட்டைப் பார்த்தார்கள், அவன் சொல்லிக்கொண்டிருந்தான், திரும்பத் திரும்பச் சொன்னான், கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. அந்தக் குளிரில் எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்தது, அவன் வாயிலிருந்து வரவில்லை. அப்போது கதவு திறந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி நெவியோ நின்றான். அவனை யாரும் அழைக்கவில்லை. களி கிண்டிக்கொண்டிருந்தபோது வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கோட்டை மாட்டினார்களாம், வாசலில் நின்று அவனையே பார்த்தார்களாம். கோயிலுக்கானாலும் கூட்டத்துக்கானாலும் வீட்டுக்காரன்தான் முதலில் நடக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அவனுக்கு அது தெரியாது. முதுகில் பட்ட குளிருக்குப் பயந்து முன்னால் நடந்தான். வெளியே நின்றபோது உள்ளே ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. "வந்தாச்சு" என்றான், கேவலமான உச்சரிப்பில். அவனுக்குப் பின்னால் மர்ஸோனின் அத்தனை பேரும் சொன்னார்கள். கடைசியில் வந்தவர்கள், ஆட்டுத்தோல் போர்த்திய மிகப் பழையவர்கள், ஜெர்மனும் இல்லாத இத்தாலியனும் இல்லாத ஏதோ ஒரு பேச்சில் அதையே சொன்னார்கள். மர்ஸோன் என்ற பெயரும் அந்தப் பேச்சுதான். அது அங்கே அழிந்து எத்தனை காலமாயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. அறை முழுக்க மக்காச்சோளக் களி வாசனை அடித்தது.

செராஃபின் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "கீழ்நாட்டான் எப்பிடி உள்ள வரலாம்? இது ஜெர்மன் பேசறவன் சங்கம்!"

"என்ன பேசறேன்னு நாம யாரையும் கேக்கலையே. பண்ணை பேரத்தான கூப்பிட்டோம்" என்றார் கசியான்.

"அப்போ விதிய மாத்துங்க அண்ணே!"

சுவரோரம் இருந்தவர்கள் எல்லாரும், எல்லாப் பண்ணைக்காரர்களும், ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிச் செராஃபினைப் பார்த்தார்கள். மில்லை முதலில் கட்டியவன் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஈயம் பூசுகிறவன். அவன் எழுந்து வந்து செராஃபினின் தோளில் கைவைத்து அழுத்தி உட்கார வைத்தான். அந்தத் தோள் சாகும்வரை வெயிலிலும் சில்லென்றுதான் இருந்தது.

வால்டின் வெளியே போய்விட்டான். கசியான் பின்னாலேயே போனார். நடுப்பகல், பனியில் கண் கூசியது. ஒரு ஆளின் தடம்தான் விழுந்துகொண்டே போயிற்று.

"சொன்னேன் அண்ணே. உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கலடா."

"அப்போ நான் யாரு?"

கல் உடைக்கிற ஆளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "போறப்ப அடுப்ப என்ன பண்ணிட்டுப் போன?" என்று கேட்டார்.

"தண்ணி ஊத்தினேன். எனக்கில்லாத நெருப்பு எவனுக்கும் வேணாம்னு."

"போன எடத்துல?"

"ஜெர்மனி பிடிச்சு வெச்சிருந்த பொஹிமியாவுல ஒரு செக் நாட்டுக்காரன் வீட்டக் குடுத்தாங்க. நாங்க போறப்ப அடுப்பு சூடா இருந்துச்சு. மேசைல சூப்பு ஆறக்கூட இல்ல. அவனத் தொரத்திட்டு எங்களக் குடி வெச்சிருக்காங்க. அஞ்சு வருஷம் இருந்தோம், அந்த வீட்டு பெஞ்சுல ஒருத்தர் வந்து உக்காரல அண்ணே. அவனோட செத்தவங்க எல்லாரும் வெளி முத்தத்துலயே நின்னாங்க. மழையிலயும் நின்னாங்க. போர் முடிஞ்சு அவன் திரும்பி வந்தான், நாங்க எந்திரிச்சு வந்துட்டோம்."

"வர்றப்ப?"

"அதுக்கும் தண்ணி ஊத்தினேன்."

கசியான் துப்பினார். பிறகு, "வர்ற மெழுகுவத்தித் திருநாளுக்கு மர்ஸோன்ல வேலையாள் எடுப்பாங்க" என்றார்.

"எங்கப்பன் வீட்ல நான் வேலையாளா?"

"வேற என்ன இருக்கு உனக்கு அங்க? சொல்லு, அத வாங்கித் தரேன்."

பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளில், பிளனாட்சில் வேலையாட்கள் வீடு மாறுவார்கள். புது எசமான் கைகொடுத்து ஒரு சோடிச் செருப்பும் கொடுத்தால் ஆள் அந்த வீட்டு ஆள். நெவியோவுக்கு இதை நோட்புர்கா போய்ச் சொல்லிக்கொடுத்தாள். அன்று காலை வால்டின் பனியில் தடமில்லாமல் ஏறி வந்து, தான் பிறந்த வீட்டின் வாசலில் தட்டினான்.

"உள்ள வா. தெறந்து வெச்சா சூடு போயிடும்" என்றான் நெவியோ.

"இது என் வீடுய்யா."

"தெரியும். அந்தப் பெரியவருக்கும் ஒன்னோட மூக்குதான். தெனம் ஜன்னலயே பாத்துட்டு இருக்காரு."

"நான்தான் அன்னிக்கு ஜன்னல்ல நின்னேன். அவரு பாக்கல."

"எனக்குத் தெரியாது. வெறகு அங்க இருக்கு, போடு."

நெவியோ கொடுத்த செருப்பு அவனுடைய சொந்தச் செருப்பு, வால்டினுக்கு ஒரு விரல் பெரிது. வால்டின் அதை மாட்டிக்கொண்டு கணப்பின் முன் மண்டியிட்டான். வேறு ஒருவன் மூட்டிய நெருப்பு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தான். அவன் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வாளியும் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களும் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு கட்டையை எடுத்து உள்ளே வைத்தான். அது பற்றிக்கொண்டதும் இங்கெனுயின் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார். அன்று சாயங்காலம் வால்டின் தொழுவத்துக்குப் போன வழியில், பெரிய செருப்பின் தடம் பனியில் ஆழமாக விழுந்திருந்தது.

அதற்குப் பின் நடந்தவை எல்லா ஊரிலும் நடந்தவைதான். மின்சாரத்துக்காக ஓடையைத் திருப்ப ஒரு கம்பெனி வந்தபோது, மர்ஸோனின் முறைத் தண்ணீருக்காகச் சங்கம் நான்கு வருஷம் வழக்காடி ஜெயித்தது. ஜெர்மன் பேசுகிறவர்களின் உரிமைச் சங்கம் ஓர் இத்தாலிக்காரனின் தண்ணீருக்கு ஏன் வக்கீல் வைக்கிறது என்று நகரத்திலிருந்த மேல்சங்கம் கேட்டது. கூப்பிட்டோம், வந்தான் என்று கசியான் சொல்லி அனுப்பினார். நெவியோவும் வால்டினும் ஒரே கூரையின் கீழே பதினேழு வருஷம் இருந்தார்கள். நண்பர்கள் என்று சொல்ல முடியாது. உப்பு அதிகம், வைக்கோல் ஈரம் என்று தினமும் சண்டை, அவரவர் பாஷையில். களிக்கு மட்டும் வால்டின் பழகிவிட்டான். 1967-ல் நெவியோ மாரடைப்பில் போனபோது கல்லில் எந்த மொழியில் வெட்டுவது என்று கேள்வி வந்தது. வால்டின் உளியை வாங்கி, மர்ஸோன் என்று மட்டும் வெட்டினான். நெருப்பு அவன் கைக்கு வந்தது, பெயரும் வந்தது.

அடுத்த கூட்டத்தில் கசியான், கிழவராகிவிட்டிருந்தார், மர்ஸோனைக் கூப்பிட்டார். வால்டின் எழுந்து "வந்தாச்சு" என்றான். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. அவனுக்குப் பின்னால் சுவரோரத்திலிருந்து முதலில் வந்த குரல் கேவலமான உச்சரிப்பில் அதையே சொன்னது, களி வாசனை அடித்தது, அதற்குப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள், இங்கெனுயின், தாத்தா, கடைசியில் ஆட்டுத்தோல் போர்த்திய அந்தப் பழைய பேச்சுக்காரர்கள். கசியான் அடுத்த பண்ணையைக் கூப்பிட்டார். நோட்புர்கா எழுந்து கணப்பில் இன்னும் இரண்டு கட்டை போட்டாள், கூட்டம் என்றால் எப்போதும் அவ்வளவு விறகு தேவைப்படும்.